கல்லின் பின்னந்தலை

"அம்மா, கண்ணு இருந்துச்சா இல்லையான்னே எனக்குத் தெரியலை," என்றார் கோதண்டம்.

உலகம்மாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாருக்கு?"

"கல்லுக்கு."

"கல்லுக்குக் கண்ணு இல்லேன்னா உனக்கு ஏன் வேர்க்குது?"

"வெள்ளிக்கிழமை நான் சொல்லியாகணும்மா."

"சொல்லலேன்னா?"

"எல்லாத்தையும் மூடிடுவாங்க."

உலகம்மாள் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். முறத்தை அவர் பக்கம் தள்ளினார்.

"உரி," என்றார்.

கோதண்டம் உரித்தார்.

*

துறைமுகத்துக்குப் பக்கத்தில், தள்ளுவண்டியும் மனிதர்களும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு போகும் ஒரு பழைய வியாபாரத் தெரு. அங்கே பவள மாளிகை என்று ஒரு கட்டடம்.

கீழே முழுக்கக் கடைகள். குடை, பூட்டு, கல்யாணப் பத்திரிகை. மேலே கிடங்குகளும் வக்கீல் அறைகளும். முதல் மாடி மூலையில் உலகம்மாளின் ஒற்றை அறை. அங்கே அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். மனசு சரியில்லாதவர்கள் வந்து எதிரே உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். சிலரிடம் பேசுவார். பலரிடம் பேசமாட்டார்.

மாளிகையைக் கட்டியவர் ஒரு பவள வியாபாரி. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தெருப் பக்கத்துச் சுவர் முழுவதும் கருங்கல். அதில் பவளத்தைச் செதுக்குங்கள் என்று சொல்லியிருக்கிறார். செதுக்க வந்தவர்கள் கோயில் வேலை செய்தவர்கள். பவளத்தைக் கழுத்தில் பார்த்திருக்கிறார்களே தவிர, கடலுக்கடியில் அது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கொடி என்று கேள்விப்பட்டிருந்தார்கள். கொடியாகவே செதுக்கிவிட்டார்கள். சுவர் முழுக்க இலையும் மொட்டுமாகப் பவளம் படர்ந்தது. நடுநடுவே கிளிகள் உட்கார்ந்து அதைக் கொத்தின.

யாரும் தவறு என்று சொல்லவில்லை. வியாபாரியும் சொல்லவில்லை போலிருக்கிறது.

முதல் மாடி உயரத்தில், ஜன்னலுக்கு ஒன்றாக, மனிதத் தலைகள் சுவரிலிருந்து தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. தலைப்பாகைக்காரர், குடுமிக்காரர், மூக்குத்தி போட்ட ஒரு பெண். மூலையில் மீசை வைத்த ஒருவர். அவரைத்தான் கட்டியவர் என்று வியாபாரியின் குடும்பத்தில் சொல்வார்கள். எல்லோருக்கும் மூக்கு இருந்தது, உதடு இருந்தது. புருவம் மயிர் மயிராக இருந்தது.

புருவத்துக்குக் கீழே மட்டும் ஒன்றுமில்லை. வழவழவென்று இரண்டு மேடு.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது கோதண்டத்தின் தொழில். ஐம்பத்தாறு வயது. உலகம்மாளின் அறைக்கு முதலில் ஜன்னலை அளவெடுக்கத்தான் வந்தார். அளவெடுத்து முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தார்.

*

"உப்புக்காத்துல தேஞ்சிருக்கலாம்," என்றார் கோதண்டம், கடலையை உரித்தபடியே.

"இருக்கலாம்."

"ஆனா புருவம் தேயலையே. புருவம் நிக்குது, கண்ணு மட்டும் எப்படிப் போகும்?"

"அதானே."

"செதுக்கினவங்க கோயில் ஆளுங்க. கண்ணைக் கடைசியிலதான் திறப்பாங்க. திறக்கற வரைக்கும் அது கல். திறந்துட்டா, அதுக்கு விளக்கு வைக்கணும், பூ வைக்கணும், ஒருத்தர் பொறுப்பா இருக்கணும். கடைச் சுவத்துல இருக்கற மூஞ்சிக்கு யார் பொறுப்புன்னு நினைச்சு, திறக்காமயே விட்டுட்டுப் போயிருக்கலாம்."

"இருக்கலாம்."

"நீங்க ரெண்டுக்கும் இருக்கலாம்னு சொல்றீங்க."

"நீதான்யா ரெண்டையும் சொல்றே."

கோதண்டம் இன்னொரு கடலையை உரித்தார். பிறகு சொன்னார்:

"சபாபதிக்குக் கண்ணு வேணுமாம்."

சபாபதி, கட்டியவரின் கொள்ளுப்பேரன். இன்றைய சொந்தக்காரர். வியாபாரம் படுத்துவிட்டது. வாஸ்து பார்க்க வந்த ஒருவர், வாசலில் குருட்டு முகம் இருந்தால் லட்சுமி எப்படி உள்ளே வருவாள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து சபாபதிக்குத் தூக்கமில்லை.

'ஒண்ணு, கண்ணு வைங்க சார். இல்லேன்னா, ஷீட் அடிச்சு மூடிடறேன். இந்தத் தெருவுல ஷீட் அடிக்காத கட்டடம் நம்மளுதுதான். நீலமா, பளபளன்னு, மேலேர்ந்து கீழ வரைக்கும் அடிச்சுட்டா மழையும் அடிக்காது, குருடங்களும் தெரியமாட்டாங்க' என்று சொல்லியிருந்தார். உத்தரவு போடுவதுபோல் சொல்லவில்லை. கெஞ்சினார். கண் கலங்கியிருந்தது.

'பெரியவர் என்னை ஒரு தடவை பார்த்தா போதும் சார். அவரு கட்டினது எல்லாம் என் கையில போயிட்டு இருக்கு. பார்த்துத் திட்டட்டும். ஆனா பார்க்கணும்.'

"ஷீட் அடிச்சா என்ன?" என்றார் உலகம்மாள்.

"அப்புறம் யாரும் திறக்கமாட்டாங்கம்மா. நான் பாத்திருக்கேன். பத்து வருஷம் கழிச்சு, உள்ள கல் இருக்குன்னே மறந்துபோயி, ஒருநாள் மொத்தமா இடிச்சுடுவாங்க. உங்க ஜன்னலும் போயிடும்."

"ஜன்னலுமா?"

"மேலேர்ந்து கீழ வரைக்கும்னா ஜன்னலும்தான்."

உலகம்மாள் ஜன்னலைப் பார்த்தார். பிறகு முறத்தைப் பார்த்தார்.

"அப்போ கண்ணை வெச்சுடேன்."

"ஸ்தபதி ஒரு கேள்வி கேட்டுட்டாரு. அதுலதான் மாட்டிக்கிட்டேன்."

*

ஸ்தபதியின் பெயர் ஏகாம்பரம். மாமல்லபுரத்திலிருந்து வந்திருந்தார். சாரத்தில் ஏறி ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட்டு, இறங்கிவந்து டீ குடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தார்.

'சார், தேஞ்ச கண்ணுன்னா ஒண்ணுமில்லை. இருந்த இடத்துலயே தீட்டிவிட்டுப் போயிடுவேன். திறக்காத கண்ணுன்னா அது வேற. பூசை இருக்கு. திறந்ததும் கண்ணாடி காட்டணும். கன்னுக்குட்டியோட பசு நிக்கணும். எதிர்ல மனுஷங்க யாரும் நிக்கக்கூடாது. முதல் பார்வை சும்மா இருக்காது பாருங்க. ரெண்டுல எதுன்னு நீங்க சொல்லுங்க. எதுன்னாலும் உளி எடுக்கறேன்.'

'உங்களுக்கு எப்படித் தோணுது?'

'தேஞ்சாலும் இப்படித்தான் இருக்கும். திறக்காம விட்டாலும் இப்படித்தான் இருக்கும். பார்த்ததும் ஸ்தபதிக்குத் தெரிஞ்சுடும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. ஒண்ணும் தெரியாது சார்.'

'ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது பண்ண முடியாதா?'

'நடுவுல என்ன சார் இருக்கு? அரைப் பூசையா?'

*

கதையைக் கேட்டு முடித்த உலகம்மாள், "கீழ போயி விசாரி," என்றார். "அத்தனை பேர் இருக்காங்க."

கோதண்டம் இறங்கிப் போனார்.

குடைக்கடை காதர் பாய் கல்லாவில் இருந்தார். "கண்ணு இருந்துச்சு சார்," என்றார் யோசிக்காமலே. "எங்க வாப்பா சொல்லுவாங்க. யுத்தத்துல விளக்கெல்லாம் அணைக்கச் சொன்னாங்கல்ல? நிலா வெளிச்சத்துல இதுங்க கண்ணு மின்னுது, விமானத்துக்குத் தெரிஞ்சுடும்னு யாரோ கிளப்பிவிட்டுட்டான். அரத்தை வெச்சு ராவிட்டாங்க."

"கருங்கல்லு மின்னுமா பாய்?"

"பயத்துல எல்லாம் மின்னும் சார்."

பூட்டுக்கடை கிஷன்லால் இரண்டு கையையும் விரித்தார். "கண் இல்லை. எப்பவும் இல்லை. கட்டினவரு வியாபாரி சார். வாசல்ல வரவன் போறவன் பேரம் பேசறதை மேலேர்ந்து அத்தனை பேர் பார்த்தா, எந்த வாடிக்கைக்காரன் உள்ள வருவான்?"

பத்திரிகைக் கடையில் எஸ்தர் என்ற பெண், தாம்பூலப் பை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அந்த மூக்குத்தி அம்மாவுக்குக் கண்ணு இருந்துச்சு சார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு என்னை அப்படி முறைச்சுது. சத்தியமா."

"எப்போ சேர்ந்தீங்க?"

"போன தீபாவளிக்கு."

"போன தீபாவளிக்கு நான் இங்கதான் இருந்தேனே. நானே அதைக் கழுவினேன். கண்ணு இல்லையே?"

"உங்களை முறைக்கலை போல சார்," என்றாள் எஸ்தர்.

கோதண்டம் சிரித்தார். வெளியே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சாரத்தில் ஏறி, மூக்குத்தி அம்மாளின் முன்னால் போய் நின்று பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்தும், இறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

*

"விசாரிச்சியா?"

"விசாரிச்சேம்மா. முன்னாடி ரெண்டுல ஒண்ணுன்னு குழம்பிட்டு இருந்தேன். இப்போ எதுல ஒண்ணுன்னே தெரியலை."

"பரவாயில்லையே," என்றார் உலகம்மாள். எழுந்து ஜன்னலுக்குப் போனார். "இங்க வா."

கோதண்டம் போனார். ஜன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், மீசைக்காரரின் தலை சுவரிலிருந்து நீண்டிருந்தது. இங்கிருந்து முகம் தெரியாது. ஒரு காது தெரியும், கழுத்து தெரியும். மீதியெல்லாம் பின்னந்தலை. அங்கே சிற்பி வேலையே செய்யவில்லை. உடைத்த கல் உடைத்தபடியே இருந்தது.

"நான் குடிவந்த நாள்லேர்ந்து எனக்கு இதுதான் பழக்கம்," என்றார் உலகம்மாள். "சினிமாக் கொட்டகையில முன் சீட்டுக்காரன் மாதிரி."

"முன்னாடி எப்படி இருக்கும்னு பார்க்கத் தோணலையா?"

"அவரும் திரும்பிப் பார்க்கலை. நானும் கூப்பிடலை."

கோதண்டம் அந்தப் பின்னந்தலையை எட்டிப் பார்த்தார்.

"தொடு," என்றார் உலகம்மாள்.

கோதண்டம் சட்டைப் பையிலிருந்து கையுறையை எடுத்தார்.

"இது எதுக்கு?"

"வெறும் கையால தொடக்கூடாதும்மா. கையில எண்ணெய்ப் பசை இருக்கும். கல்லு கறுத்துடும்."

"அது கருங்கல்லுதானே?"

"அது எங்க வேலை முறைம்மா. இத்தனை வருஷத்துல எந்தக் கல்லையும் நான் கையுறை இல்லாமத் தொட்டதில்லை."

உலகம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபமா, இரக்கமா என்று கோதண்டத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. கையுறை போட்டுக்கொண்டு மீசைக்காரரின் பின்னந்தலையைத் தொட்டார். சொரசொரவென்று இருந்தது. அவ்வளவுதான்.

"என்ன?" என்றார் உலகம்மாள்.

"கல்லு."

"சரி, போ."

*

வியாழக்கிழமை மத்தியானம் கோதண்டம் மறுபடியும் வந்தார். உட்காரக்கூட இல்லை.

"அம்மா, நேராவே கேக்கறேன். நாளைக்கு நான் தேஞ்சதுன்னு சொன்னாலும் ஸ்தபதி செதுக்கிடுவாரு, திறக்காததுன்னு சொன்னாலும் செதுக்கிடுவாரு. எதைச் சொன்னாலும் சுவர் தப்பிச்சுடும். உங்க ஜன்னலும் தப்பிச்சுடும். ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"அப்ப சொல்லு."

"எதை?"

உலகம்மாள் முறத்தை மடிப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இருந்த கண்ணுக்குப் புதுசாப் பூசை போட்டா அது பைத்தியக்காரத்தனம். வேணும்னே மூடி விட்டுட்டுப் போன கண்ணை உளி வெச்சுத் திறந்தா அது..." கோதண்டம் வார்த்தையைத் தேடினார். கிடைக்கவில்லை. "நீங்களாவது சொல்லுங்க. தப்பாப் போனா பழியை உங்க மேல போட்டுடறேன்."

"நல்லா இருக்கே!" என்று சிரித்த உலகம்மாள், முறத்திலிருந்து ஒரு கடலையை எடுத்து நீட்டினார். உரிக்காத கடலை. நடுவில் லேசாக ஒடுங்கியிருந்தது.

"உள்ள எத்தனை?"

கோதண்டம் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "ரெண்டு."

"நிச்சயமா?"

மறுபடி ஆட்டினார். "ஒண்ணு சொத்தையா இருக்கலாம்."

ஓட்டை உடைக்கப் போனவரின் கையை உலகம்மாள் தடுத்தார். கடலையை வாங்கி, அவருடைய சட்டைப் பையில் போட்டார். பையை மேலே ஒரு தட்டுத் தட்டினார்.

"வெயில் இறங்கினதும் போ," என்றார்.

*

வெள்ளிக்கிழமை காலையில் சபாபதி இரண்டுக்கும் தயாராக வந்திருந்தார்.

திறக்காத கண்ணாக இருந்தால் தேவைப்படுமே என்று பசுவும் கன்றும் வந்திருந்தன. தள்ளுவண்டிகளுக்கு நடுவே மிரண்டு நின்ற பசு, பத்திரிகைக் கடை வாசலில் மாதிரிக்கு வைத்திருந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றை மென்றுகொண்டிருந்தது. எஸ்தர் கத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடி ஒன்றைக் கோதண்டத்தின் கையில் கொடுத்திருந்தார்கள். தேய்ந்த கண்ணாக இருந்தால் கண்ணாடியும் பசுவும் திரும்பிப் போய்விடலாம் என்று ஏற்பாடு.

சாரத்தின் மேலே மூன்று பேர்: கோதண்டம், ஸ்தபதி, மீசைக்காரர்.

சபாபதி கீழே வாசல் வளைவுக்கு உள்பக்கமாக, மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் ஒதுங்கி நின்றார்.

"நீங்க முன்னாடி வரலையா?" என்று கோதண்டம் குனிந்து கேட்டார். "உங்களைப் பார்க்கணும்னு சொன்னீங்களே?"

"முதல் பார்வை ஆகட்டும் சார். ரெண்டாவது பார்வைக்கு வந்துடறேன்."

ஸ்தபதி உளியை வேட்டி முனையில் துடைத்தார். வலது கண் மேட்டின்மேல் உளியின் நுனியை வைத்துப் பார்த்தார். எடுத்துக்கொண்டார்.

"சார், எது?"

கோதண்டம் வாயைத் திறந்தார். தேய்ந்தது என்று சொல்வதற்காகத்தான் திறந்தார். ராத்திரியே முடிவு செய்துவிட்டு வந்திருந்தார். எதிரே, ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில், அந்த முகம் இருந்தது. இல்லை, திறக்காதது என்று சொல்லிவிடலாம் என்று அந்த நொடியில் தோன்றியது. பசுவும் வந்திருக்கிறது. இரண்டு வார்த்தையும் தொண்டைவரை ஒன்றாக வந்து, வாசலில் இடித்துக்கொண்டு நின்றன.

கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. கடலை இருந்தது.

"எனக்குத் தெரியாது," என்றார்.

"என்ன சார்?"

"தெரியாது."

"என்ன சொல்றாரு?" என்று கீழிருந்து சபாபதி கேட்டார்.

ஸ்தபதி எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தெரியாதாம்."

பசு பத்திரிகையை மெல்லும் சத்தம் கேட்டது.

"சார்! ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார்!" சபாபதியின் குரல் உடைந்தது. "எதுன்னாலும் சரி! உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்!"

"தெரியாதுங்க."

"இத்தனை வருஷம் படிச்சது எதுக்கு சார்?"

அதுவும் கோதண்டத்துக்குத் தெரியவில்லை.

ஸ்தபதி உளியைத் துணியில் சுற்றினார். "தப்பா நினைக்காதீங்க சார். ரெண்டுல ஒண்ணு இல்லாம எனக்குக் கை போகாது."

கோதண்டம் கண்ணாடியை இறக்கினார். தலையைத் திருப்பி உலகம்மாளின் ஜன்னலைப் பார்த்தார். அது திறந்திருந்தது. ஜன்னலில் அவர் இல்லை.

*

ஷீட் அடிப்பவர்கள் வந்தார்கள்.

அந்த வேலைக்குக் கோதண்டத்தை யாரும் கூப்பிடவில்லை. அவராகப் போய் நின்றார். துளை போடுகிற இடத்தையாவது நான் காட்டுகிறேன் என்று கேட்டுக்கொண்டார். இது கிளி, இங்கே போடாதீர்கள். இது மொட்டு, கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். தன் கையாலேயே சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டுக் காட்டினார். காட்டிய இடத்திலெல்லாம் துளை விழுந்தது.

தலைகள் நீட்டிக்கொண்டிருந்ததால் இரும்புச் சட்டத்தைச் சுவரை ஒட்டி நிறுத்த முடியவில்லை. ஒரு கை நீளம் தள்ளி நிறுத்தினார்கள். அதன்மேல் நீல ஷீட் ஏறியது. பவளக்கொடி போனது. மூக்குத்தி போனது. கடைசியாக மீசை போனது.

வேலை முடிந்த அன்று பார்த்தால், செல்போன் கடைக்காகப் போன மாதம் கட்டிய கட்டடம் மாதிரி இருந்தது.

"நல்லாத்தான் சார் இருக்கு," என்றார் காதர் பாய். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

*

கோதண்டம் பல நாள் உலகம்மாளின் அறைக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஒருநாள் நண்பகலில் போனார். வெளியே வெயில் கொளுத்தியது. அறைக்குள் இருட்டு. ஜன்னல் திறந்தே இருந்தது, திறந்து பயனில்லை. ஷீட்டின் பின்பக்கம் கறுப்பாக அடைத்துக்கொண்டு நின்றது.

"யாரு?"

"நான்தாம்மா, கோதண்டம்."

"வா. பார்த்து வா, முறம் இருக்கு."

முறத்தை மிதித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"லைட்டு போடலையாம்மா?"

"பகல்ல எதுக்கு லைட்டு?"

இருவரும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கடலை உரிக்கும் சத்தம் கேட்டது.

"சபாபதி ஏசி வெச்சுத் தரேன்னாரு," என்றார் உலகம்மாள். "வேணாம்னுட்டேன். பாவம், படியேறி வந்து, எங்கயோ பாத்துட்டுப் பேசறாரு."

"என்னாலதாம்மா எல்லாம்."

"ஆமா."

அவர் ஆமா என்று சொல்வார் என்று கோதண்டம் எதிர்பார்க்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்கு வெளிச்சம் இருந்திருக்கும். சபாபதிக்கு நிம்மதி இருந்திருக்கும். ஏன் சொல்லலேன்னு எனக்கே புரியலை. உண்மைக்காகன்னு சொல்லிக்கலாம். ஆனா உண்மையும் என்கிட்ட இல்லையே. அது கண்ணா, இல்லையா? அங்க என்னதான் இருந்துச்சு? இன்னிக்கு வரைக்கும் எனக்கு..."

"கடலை என்னாச்சு?"

கோதண்டம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "இருக்கு."

"உடைச்சியா?"

"இல்லை."

அப்போது ஜன்னல் பக்கம் படபடவென்று ஏதோ அடித்துக்கொண்டது. கோதண்டம் திடுக்கிட்டார்.

"புறா," என்றார் உலகம்மாள். "மேல எங்கயோ சந்து வழியா உள்ள விழுந்துடுச்சு. காலையிலேர்ந்து அடிச்சுக்குது. நான் கையை விட்டா எட்டலை. உனக்குக் கை நீளம். எடு பார்ப்போம்."

கோதண்டம் எழுந்து தடவித் தடவி ஜன்னலுக்குப் போனார். உடம்பைப் பாதி வெளியே நீட்டி, சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவில் இருந்த சூடான இருட்டுக்குள் கையை விட்டார். இறக்கை ஒன்று விரலில் பட்டு விலகியது.

"அந்தப் பக்கம் போகுது," என்றார். "தலைக்கு முன்னாடி."

"எட்டிப் பிடி. பயப்படாதே, கொத்தாது."

இன்னும் நீட்டினார். ஒரு காது கிடைத்தது. காதைப் பிடித்துக்கொண்டு, தோளை இறக்கி, கையை முன்பக்கமாக வளைத்தார். கன்னம். மீசை. அவசரத்தில் விரல்கள் மேலே ஏறின. மூக்கின் மேடு. புறா இறகைப் படபடத்தது. அந்தச் சத்தத்தை நோக்கி விரலை வேகமாக நீட்டினார்.

நீட்டிய வேகத்தில், புருவத்துக்குக் கீழே போய்க் குத்திவிட்டார்.

"ஐயோ!" என்று கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "மன்னிச்சிருங்க!"

சொன்ன குரல் ஷீட்டில் மோதித் திரும்பி வந்தது. இழுத்த கை அந்தரத்திலேயே நின்றது. அப்போதுதான் உணர்ந்தார், கையில் உறை இல்லை.

கடலை உரிக்கும் சத்தம் நின்றிருந்தது.

"யார்கிட்ட சொன்னே?" என்றார் உலகம்மாள். "புறாகிட்டயா?"